திறந்து கிடந்த படல்

படல் திறந்தேதான் கிடந்தது. பிற்பாடு யார் எப்படிக் கேட்டாலும் நதேஜ் அந்தப் பேச்சை மட்டும் மாற்றவில்லை.

துறவிகள் வெட்டிய கால்வாயின் ஓரமாக வரும் சைக்கிள் பாதை ஒரு மேய்ச்சல் நிலத்துக்குள் நுழைகிற இடம் அது. கனத்த மரப் படல். முழுசாகத் திறந்து வேலியோடு ஒட்டிக்கொண்டு நின்றது, அங்கேயே முளைத்ததுபோல. பசுக்கள் தூரத்து மேட்டில் படுத்து அசைபோட்டுக்கொண்டிருந்தன. நதேஜ் ஒரு காலை ஊன்றி நின்றாள். பின்னால் வந்த தம்பி ஜோயெலும் நின்றான்.

“சாத்திரலாமா?” என்று கேட்டாள். கை அதற்குள் படலின் மேல் சட்டத்துக்குப் போயிருந்தது.

“உனக்கேன் வேண்டாத வேலை? திறந்திருக்கு, திறந்தபடி கிடக்கட்டும். நாம என்ன பாரிஸ்காரங்களா?” என்றான் அவன்.

அவன் சொன்னது சரிதான். இந்தச் சதுப்பு நிலத்தில் படலை எப்படிக் கண்டோமோ அப்படியே விடவேண்டும். சாத்தியிருந்தால் திறந்து நுழைந்து மறுபடி சாத்தவேண்டும். திறந்திருந்தால் தொடக் கூடாது. மாட்டுக்காரன் தண்ணீருக்கு வழி விட்டு வைத்திருப்பான். நீ நல்லது செய்வதாக நினைத்துச் சாத்திவிட்டுப் போனால் மாடு வெயிலில் நாக்கு வறண்டு நிற்கும். நடக்கப் பழகும் வயசிலேயே இங்கே இதுவும் பழகிவிடும். கோடையில் மூட்டையும் முடிச்சுமாகச் சைக்கிளில் வருகிற வெளியூர்க்காரர்களுக்குத்தான் தெரியாது. அவர்கள் சாத்தியதைத் திறந்து போட்டுவிட்டும் திறந்ததைச் சாத்திவிட்டும் போவார்கள். மாட்டுக்காரர்கள் அவர்களை வாயில் போட்டு மெல்லுவார்கள்.

நதேஜ் கையை எடுத்துவிட்டாள். மண்ணில் புதுசாக இரண்டு மெல்லிய டயர்த் தடம் இருந்ததை அவள் பார்க்காமல் இல்லை. யாரோ முன்னால் போயிருக்கிறார்கள். அவர்கள் திறந்ததா, மாட்டுக்காரன் திறந்ததா? தடத்தைப் பார்த்து அதையெல்லாம் சொல்ல முடியாது. மிதித்தார்கள்.

அக்காளும் தம்பியும் சாரோன் ஊர்க்காரர்கள். கடல் சேற்றில் நட்ட கழிகளில் மட்டிச் சிப்பி வளர்க்கிற முதலாளி ஒருவரிடம் கூலி வேலை. மே மாதம் மட்டி பிஞ்சாக இருக்கும். கையை வைக்க முடியாது. அந்தச் சில நாள் ஓய்வில் கூடாரத்தைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு கால்வாய் கால்வாயாகச் சுற்றுவது அவர்கள் வழக்கம். வருஷம் முழுக்கக் குனிந்தே கிடக்கிற முதுகு சைக்கிளிலும் குனிந்துதான் இருக்கிறது, இதில் என்ன ஓய்வு என்று ஊரில் கேலி பேசுவார்கள். ஜோயெல் அதற்கு, இங்கே குனிந்தால் முதலாளியின் புட்டம் முன்னால் தெரிவதில்லை என்று பதில் சொல்வான். அவன் வாய் அப்படி. கல்யாணம், வேலை, நண்பர்கள் என்று அந்த வாயால் அவன் இழந்தது நிறைய. நதேஜ் மட்டும் மிச்சமிருந்தாள்.

மேய்ச்சல் நிலத்தைக் கடந்து கால்வாய்த் துறைக்கு வந்தபோது ஜோயெலின் பின் சக்கரம் காற்று இறங்கிவிட்டது. அந்தத் துறையில் பாலம் கிடையாது. சங்கிலிப் படகுதான். தட்டையான மரப் படகு, நாலைந்து சைக்கிள் கொள்ளும். இரண்டு முனையிலும் இரும்புத் தகடு அடித்திருக்கும். ஒரு முனையிலிருந்து ஒரு சங்கிலி அக்கரைக்கு, மறு முனையிலிருந்து ஒரு சங்கிலி இக்கரைக்கு. எந்தக் கரையில் நிற்பவனும் தன் பக்கத்துச் சங்கிலியை இழுத்தால் படகு அவனிடம் வரும். அக்கரையில் கிடந்த படகை நதேஜ் இழுத்து இக்கரைக்குக் கொண்டுவந்தாள். துறையில் சரிவாகப் போட்ட கல்தளம் பாசி பிடித்து வழுக்கியது. பஞ்சர் ஒட்டி, சாப்பிட்டுவிட்டு, கடந்து போகலாம் என்று திட்டம். அக்கரையில் ஒரு வயல் அகலம் தாண்டினால் தார் ரோடு.

பூண்டு வெண்ணெய் தடவிய ரொட்டி, உப்பிட்ட பன்றித் தொடை, டப்பாவில் முந்தின நாள் வெள்ளை மொச்சை. ஜோயெல் தலைக்கவசத்தைக் கழற்றி அதற்குள் செர்ரிப் பழத்தைக் கொட்டிவைத்துக்கொண்டு தின்றபடியே டியூபைத் தேய்த்துக்கொண்டிருந்தான். ஒரு ஒட்டு ஒட்ட இவ்வளவு நேரமா, உன்னிடம் கல்லறைக் குழி வெட்டச் சொன்னால் பிணம் எழுந்து நடந்து போய்விடும் என்று அவள் ஏசினாள். அவன் கொட்டையைத் தண்ணீரில் துப்பினான்.

அப்போதுதான் அந்தச் சத்தம் வந்தது.

மாடு கத்தி நதேஜ் கேட்காததல்ல. கன்று போடும்போது கத்தும், கன்றைப் பிரித்தால் கத்தும். இது அடித்தொண்டையில் தண்ணீர் புகுந்த கத்தல். கூடவே ஒரு வண்டி எஞ்சின் திணறுகிற சத்தம். எஞ்சின் ஏறி ஏறிக் கீழே விழுந்தது. பிறகு கத்தல் பாதியில் அறுந்தது. எஞ்சினும் நின்றது. நாணலில் காற்று மட்டும்.

“யாரு மாடோ கன்னு போடுது” என்றான் ஜோயெல்.

“சக்கரத்த மாட்டு. கிளம்பலாம்.”

“பசை காய வேண்டாமா?”

அவள் சாப்பாட்டுத் துணியைச் சுருட்டிப் பையில் திணித்தாள். கைகள் தாமாகவே அவசரப்பட்டன. படலின் சட்டத்தில் கை வைத்ததும் எடுத்ததும் உள்ளங்கையில் இன்னும் இருந்தது.

நாலு சக்கர பைக் ஒன்று கரை மேட்டில் துள்ளித் துள்ளி வந்தது. ஓட்டியவன் மார்பு வரைக்கும் கறுத்த சேறு. முழங்கைக்குக் கீழே சேற்றின் மேல் ரத்தம், இன்னும் காயாதது. அறுபதைத் தொட்ட ஆள், தோள் மட்டும் வாலிபனுடையது. பெயர் ஆன்செல்ம் பெல்ட்ரோ என்பது அவளுக்குப் பிறகுதான் தெரிந்தது. இறங்கும்போதே வண்டியின் பின்னாலிருந்து ஒரு வேலிக் கழியை உருவிக்கொண்டான். வேலிக்கு என்று கூராக்கிய செஸ்ட்நட் மரக் கழி.

படல் வழியாக வந்தது நீங்கள்தானா என்று கேட்டான். கத்தவில்லை. மூச்சு மட்டும் வாங்கியது.

வேறு யாராவது என்றால் இல்லை என்றிருப்பார்கள். இன்னொரு வழியாக வந்தோம் என்றிருப்பார்கள். ஜோயெல் ஆமாம் என்றான். திறந்திருந்தது, திறந்தபடி விட்டுவிட்டு வந்தோம் என்றான்.

“திறந்திருந்துச்சா.”

“ஆமா பெரியவரே. எப்படி இருந்துச்சோ அப்படியே விட்டோம். நாங்களும் இந்தப் பக்கத்து ஆளுங்கதான். சாரோன். நொலோ வீட்டுப் புள்ளைங்க.”

அந்த ஆளின் முகத்தில் ஏதோ மடங்கியது. நதேஜ் அதைப் பார்த்தாள். ஊர்ப் பெயரைச் சொன்னால் இறங்கிவருவான் என்று தம்பி நினைத்தான். அது தலைகீழாகப் போய்விட்டது.

“பட்டணத்தான்னா கூட விட்டுருவேன்டா. அவனுக்கு என்ன தெரியும், கழுதை. சதுப்புல பொறந்தவனுக்கு, மேட்டுல மாடு படுத்திருக்கிறது கண்ணுல படலியா? தண்ணிக்கு விடறவன் மாட்ட மேட்டுலயா படுக்கப் போடுவான்?”

பிறகு, கேட்காமலேயே, நடந்ததைச் சொன்னான். சினைப் பசு. பெயர் பிவான். படலைத் தாண்டி வாய்க்காலுக்குள் இறங்கிவிட்டது. அடிச்சேறு உறிஞ்சிக்கொண்டது. அவன் போனபோது மூக்கின் இரண்டு ஓட்டையும் கண்ணும் மட்டும் வெளியே. கழுத்தில் கயிறு போட்டு வண்டியால் இழுத்தான். சேறு விடவில்லை, கழுத்துதான் விட்டது. அப்போதும் கண் அவனையே பார்த்துக்கொண்டிருந்ததாம். கத்தியை எடுத்தானாம். சொல்லிக்கொண்டே தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

தப்பு எங்களுடையதுதான் பெரியவரே, மன்னித்துவிடுங்கள் என்று சொல்லத்தான் நதேஜ் வாயைத் திறந்தாள். அந்த ஒரு மூச்சு நேரம் தம்பி பொறுத்திருக்கலாம்.

“வேலிய உருப்படியா போட்டு, பூட்டு ஒண்ணு தொங்கவிட வேண்டியதுதானே. உம்ம மாட்டுக்கு நீச்சல் வரலேன்னா அதுக்கு நான் என்ன செய்ய?”

கழி வந்ததை அவள் பார்க்கவில்லை. சத்தத்தைத்தான் கேட்டாள். மட்டிக் கழியை மரச் சுத்தியலால் சேற்றில் அடித்து இறக்கும்போது வருகிற அதே சத்தம். மந்தமான, ஈரமான ஒரு தட்டு. ஜோயெல் உட்கார்ந்த இடத்திலேயே பக்கவாட்டில் சாய்ந்தான். சாய்ந்தவன் கையை ஊன்றவில்லை. தலைக்கவசம் உருண்டு செர்ரிப் பழங்கள் கல்தளத்தில் சிதறின. இடது காதிலிருந்து ரத்தம் நூலாக வந்தது, பிறகு நூலாக இல்லை.

இரண்டாவது அடி விலாவில் விழுந்தது. மூன்றாவதற்கு ஓங்கும்போது நதேஜ் காற்றுப் பம்பால் அவன் மணிக்கட்டில் அடித்தாள். இரும்புப் பம்பு. எலும்பில் பட்டு அவள் கையே மரத்தது. அவன் கழியை விடவில்லை. மறு கைக்கு மாற்றிக்கொண்டு அவள் தோளில் ஒன்று போட்டான். அவள் முழங்காலில் விழுந்தாள். அவன் ஜோயெலின் சைக்கிளைக் காலால் உதைத்துத் தண்ணீருக்குள் தள்ளினான். பிறகு அவளுடைய பையைத் தூக்கி எறிந்தான். அதில்தான் இரண்டு பேர் போனும் இருந்தது. பை கொஞ்ச நேரம் மிதந்து, குமிழிவிட்டு அமிழ்ந்தது.

“எந்திரிங்க. வந்து பாருங்க. எம்பசுவ வந்து பாருங்கடா. அவன் எந்திரிக்கலேன்னா கால்ல கயித்தப் போட்டு இழுத்துட்டுப் போய்க் காட்டுவேன்.”

கயிறு எடுக்க அவன் வண்டிப் பக்கம் திரும்பினான். வெறும் மிரட்டல் இல்லை. அந்த ஆள் அதைச் செய்வான் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. காதில் ரத்தம் வருகிறவனைத் தரையில் இழுத்துக்கொண்டு போனால் பசு கிடக்கிற இடம் போய்ச் சேரும்போது இன்னொரு பிணமும் சேர்ந்திருக்கும்.

அவள் தன் சைக்கிளைப் பிடித்தாள். கூடாரமும் சட்டிபெட்டியும் கட்டிய கனத்த சைக்கிள். சரிவில் அதைத் தள்ளிக்கொண்டே ஓடி, குனிந்து நின்றவன் முழங்காலின் பின்பக்கம் மோதினாள். அவன் வண்டியின் மேல் முகம் குப்புற விழுந்தான். சைக்கிள் அவன் மேல். பெடல் அவன் கன்னத்தைக் கிழித்தது. அவள் அதைப் பார்த்துக்கொண்டு நிற்கவில்லை. தம்பியின் கக்கத்தில் கையைக் கொடுத்து, பாசியில் வழுக்க வழுக்க, மட்டி மூட்டையை இழுப்பதுபோல் இழுத்துப் படகில் போட்டாள். அவன் குதிகால் செர்ரிப் பழங்களை நசுக்கிக்கொண்டே வந்தது. எது பழச்சாறு எது ரத்தம் என்று தெரியவில்லை.

அக்கரைச் சங்கிலியைப் பிடித்து இழுத்தாள். படகு நகர்ந்தது. ரோடு அங்கேதான் இருந்தது. ஒரு லாரி போவது தெரிந்தது, பொம்மை மாதிரி.

கால்வாயின் நடுவுக்கு வந்திருப்பாள். படகு நின்றது. பின்பக்கச் சங்கிலி தண்ணீரைவிட்டு மேலே எழும்பி விறைத்துச் சொட்டியது. திரும்பிப் பார்த்தாள். ஆன்செல்ம் துறையில் நின்று இக்கரைச் சங்கிலியை இரண்டு கையாலும் பிடித்திருந்தான். கன்னம் கிழிந்து பல் தெரிந்தது.

அந்தச் சங்கிலியை அவள் புறப்படுகிறபோதே கழற்றியிருக்கலாம். ஒரு கொக்கிதான். கழற்றியிருந்தால் இக்கரையிலிருந்து படகை யாரும் கூப்பிட முடியாது. சதுப்பில் யாரும் அதைச் செய்வதில்லை. அடுத்து வருகிறவன் வழியில்லாமல் நிற்பான். செய்யலாம் என்ற நினைப்பே அவளுக்கு இப்போதுதான் வந்தது. இப்போது சங்கிலி விறைத்து, கொக்கி அசையவில்லை.

அவன் இழுத்தான். படகு ஒரு கை அளவு பின்னால் போனது. அவள் இழுத்தாள். அரைக் கை முன்னால் வந்தது. வருஷக்கணக்காக ஈர மூட்டை தூக்கிய தோள் அவளுடையது. ஆனால் அதில் ஒன்று அடிவாங்கியிருந்தது. சங்கிலிக் கண்ணிகள் உள்ளங்கைத் தோலைச் சுருட்டி எடுத்தன. கழுதையும் கழுதையும் கயிறு இழுப்பதுபோல் மூச்சுத்தான் கேட்டது. நடுவில் ஜோயெல் முதுகில் படுத்து, ஒரு கண் திறந்து, ஆகாயத்தில் யாரையோ தேடிக்கொண்டிருந்தான். படகின் அடித்தளத்தில் தேங்கிய தண்ணீர் சிவப்பாக இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓடியது.

அக்கரை விலகிக்கொண்டே போனது. இப்படியே போனால் கடைசியில் அவன் கைக்குள்தான் போய் நிற்பாள். அது அவளுக்குப் புரிந்தது.

அவன் இன்னும் நல்ல பிடிமானத்துக்காகச் சரிவில் இறங்கி, முழங்கால் தண்ணீரில் நின்று, உடம்பு முழுவதையும் பின்னால் சாய்த்து இழுத்துக்கொண்டிருந்தான். காலடியில் பாசி. நதேஜ் கையை விட்டாள்.

எதிர்ப்பு இல்லாமல் போனதும் அவன் மல்லாந்து விழுந்தான். படகு அவனை நோக்கிப் பாய்ந்தது. அது போதாது என்று, ஓரத்தில் கிடந்த தள்ளுகழியை எடுத்துக் கால்வாய் அடிச்சேற்றில் ஊன்றி, அவனை நோக்கியே அவள் தள்ளினாள். ஒரு ஊன்று. இன்னொரு ஊன்று. கடல் சேற்றில் தட்டைப் படகைத் தள்ளித் தள்ளிக் காய்த்த கை. அவன் எழ முயன்றதைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டேதான் மூன்றாவது ஊன்று ஊன்றினாள்.

இரும்புத் தகடு அவன் கணுக்காலுக்கு மேலே ஏறி, கல்தளத்தோடு சேர்த்து நசுக்கியது. எலும்பு ஒடிந்தது தண்ணீருக்குள்ளேயே கேட்டது. அவன் போட்ட சத்தத்தில் நாணலுக்குள்ளிருந்து கொக்குகள் எழுந்தன.

படகின் தகடு அவன் காலின் மேல். அவன் இடுப்புவரை தண்ணீரில், வழுக்குச் சரிவில், அந்தத் தகடு பிடித்திருக்கும் வரைதான் நிற்பான். அவளுக்குப் படகு வேண்டும். தம்பியின் மூச்சில் இப்போது ஒரு கரகரப்பு கேட்டது. அவள் தள்ளுகழியைப் போட்டுவிட்டு அக்கரைச் சங்கிலியை எடுத்தாள். இழுத்தாள்.

தகடு விலகியது. ஆன்செல்ம் சரிந்தான். கையால் கல்லைப் பிராண்டினான். பாசி நகத்தோடு வந்தது. மார்பு போனது, தோள் போனது. சரிவு முடிகிற இடத்தில் கால்வாய்ச் சேறு ஆரம்பிக்கிறது; அதற்கு அடி கிடையாது. உடைந்த காலோடு அதில் மிதிக்க முடியாது. அவன் உதவி என்று கூப்பிடவில்லை. வாய் தண்ணீருக்குள் போய்விட்டது. மூக்கும் கண்ணும் மட்டும் மேலே. அந்தக் கண் அவளைப் பார்த்தது.

நதேஜ் ஒரு கெட்ட வார்த்தை சொன்னாள். அவளுக்குத் தெரிந்ததிலேயே கேவலமானது. பிறகு குனிந்து அவன் இடுப்பு வாரைப் பிடித்து, படகின் விளிம்பில் முழங்காலை முட்டுக்கொடுத்து, தூக்கினாள். உடைந்த கால் தகட்டில் இடித்தது. அவன் அலறினான். அவள் நிதானமாகத் தூக்கவில்லை. நிதானமாகத் தூக்கும்படி அவன் அவர்களுக்கு ஒரு நல்லதும் செய்துவிடவில்லை. தம்பி பக்கத்தில் அவனை உருட்டிப் போட்டு, சட்டைப் பைகளைத் துழாவி, பசுவின் ரத்தம் காய்ந்த கத்தியை எடுத்துத் தண்ணீரில் எறிந்தாள்.

“கை அசைஞ்சுது, திரும்ப உள்ள தள்ளிருவேன்” என்றாள்.

இந்த முறை யாரும் பின்னால் இழுக்கவில்லை. படகு சுளுவாகப் போனது. இரண்டு ஆம்பிளைகளும் சந்தையில் கிடத்திய மீன்கள்போலப் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தார்கள். ஆன்செல்மின் பல் கிடுகிடுத்தது.

“நெசமாவே திறந்திருந்துச்சா?” என்றான்.

“நெசமா.”

“யாரு?”

“தெரியாது. ரெண்டு டயர்த் தடம் இருந்துச்சு.”

அவன் தலையைத் திருப்பி, ஜோயெலின் காதிலிருந்து வழிவதைப் பார்த்தான். தன் கழுத்தில் கட்டியிருந்த கைக்குட்டையை அவிழ்த்து நீட்டினான். சேறும் ரத்தமுமாக இருந்தது. அவள் அதை வாங்கவில்லை.

“நானா இருந்தாலும் அப்படியேதான் விட்டிருப்பேன்” என்றான்.

“அத முன்னாடியே யோசிச்சிருக்கணும்.”

அக்கரைத் துறையில் படகு முட்டியது. அவள் ஜோயெலை முதுகில் ஏற்றிக்கொண்டாள், ஒரு கையால் அவன் இரண்டு மணிக்கட்டையும் மார்புக்கு முன்னால் சேர்த்துப் பிடித்தபடி. அவன் மூச்சு அவள் கழுத்தில் சூடாகவும் ஈரமாகவும் பட்டது. ஈரம் மூச்சினால் மட்டுமல்ல. நடந்தாள்.

துறைக்கு மேலே இன்னொரு படல். இது சாத்தியிருந்தது. அதற்கு அப்பால் வேறு யாருடையதோ மாடுகள், கன்றுகளோடு, வேடிக்கை பார்க்கப் படல்வரைக்கும் வந்து நின்றிருந்தன. கம்பி வளையத்தை ஒரு கையால் கழற்றித் தோளால் இடித்துத் திறந்தாள். மாடுகள் விலகி வழி விட்டன. உள்ளே நுழைந்தாள். சாத்துவதற்கு இரண்டு கை வேண்டும். படலைத் தூக்கி நிறுத்தி வளையத்தை மாட்ட வேண்டும். அதற்குத் தம்பியைத் தரையில் இறக்க வேண்டும். இறக்கினால் அந்தத் தலையை மறுபடி ஒருமுறை அசைத்துத் தூக்க வேண்டும்.

“படலு” என்று பின்னாலிருந்து சத்தம் வந்தது. “ஏம்மா, படலு. மாடு இருக்கும்மா அங்க. தண்ணிக்கு வந்துரும். சாத்திட்டுப் போ.”

அவள் நின்றாள். நிற்கத்தான் செய்தாள். அந்த நிலத்தில் பிறந்த காலுக்கு அது ஒரு பிடி. ஜோயெலின் தலை அவள் தோளில் ஒரு பக்கமாக உருண்டது. அவள் நடந்தாள். பிறகு ஓடினாள், அந்தப் பாரத்தோடு எவ்வளவு ஓட முடியுமோ அவ்வளவு. திறந்து கிடந்த படல் முதுகுக்குப் பின்னால் இருப்பது, கதவு திறந்த அறையில் படுத்திருப்பதுபோல் உறுத்தியது. திரும்பிப் பார்க்கவில்லை.

ரோட்டில் வந்த ரொட்டி வண்டியின் குறுக்கே போய் நின்றாள். ஓட்டிவந்த பெண் பிரேக் போட்ட வேகத்தில் உள்ளே ரொட்டிகள் சரிகிற சத்தம் கேட்டது. அவள் இறங்கி, இரண்டு பேரையும் பார்த்துவிட்டு, ஒரு கேள்வியும் கேட்காமல் போனை எடுத்தாள். ஆம்புலன்ஸ் வரும், அதுவரை அசைக்காதே என்கிறார்கள் என்றாள். மாவு சாக்குகளைத் தரையில் விரித்து அதன் மேல் ஜோயெலைக் கிடத்தினார்கள். நதேஜ் அவன் தலையை இரண்டு முழங்காலுக்கும் நடுவில் அசையாமல் பிடித்துக்கொண்டாள். உரிந்த உள்ளங்கை அவன் முடியில் ஒட்டிக்கொண்டது.

அந்தப் பக்கமெல்லாம் தட்டைத் தரை. உட்கார்ந்த இடத்திலிருந்தே துறைவரைக்கும் தெரியும். அப்போதுதான் அவள் பார்த்தாள்.

ஆன்செல்ம் படகில் இல்லை. முழங்கையால் ஊர்ந்து மேட்டுக்கு வந்திருந்தான். இழுபட்ட கால் புல்லில் ஒரு கறுத்த கோடு போட்டிருந்தது. படலை எழுந்து சாத்த அவனால் முடியவில்லை. அதனால் அந்த இடைவெளியில் குறுக்கே படுத்துக்கொண்டிருந்தான், ஒரு முளைக்கும் மறு முளைக்கும் நடுவில், தானே ஒரு சட்டம்போல. மாடுகள் கூட்டமாக வந்து அவனை முகர்ந்தன. முன்னால் நின்ற ஒரு பெரிய வெள்ளைப் பசு அவனைத் தாண்ட ஒரு காலை எடுத்தது. அவன் நல்ல காலிலிருந்து பூட்ஸைக் கழற்றிக் கையில் வைத்திருந்தான். அதைக்கொண்டே பசுவின் மூக்கில் ஓங்கி அடித்தான். அது பின்வாங்கியது. இன்னொன்று வந்தது. அதையும் அடித்தான். ஒரு கன்று அவன் உடைந்த காலை மிதித்துவிட்டது போலிருக்கிறது. உடம்பு வில்லாக வளைந்தது. சத்தம் இங்கே வரவில்லை. பூட்ஸ் மறுபடி உயர்ந்தது.

“யாரது அங்க?” என்றாள் ரொட்டிக்காரி.

அவன் சாகட்டும் என்றும் நதேஜுக்குத் தோன்றியது. பூட்ஸ் கீழே இறங்கி வெகுநேரம் எழாமல் இருந்தபோது, எழட்டும் என்றும் தோன்றியது. இரண்டும் ஒரே நெஞ்சில் எப்படி இருந்தன என்று அவளுக்குத் தெரியவில்லை. பூட்ஸ் எழுந்தது.

ஆம்புலன்ஸ்காரர்கள் வந்து ஜோயெலின் கழுத்துக்குப் பட்டை கட்டினார்கள். கண்ணில் விளக்கடித்துப் பார்த்தார்கள். அந்த இடது காது பிறகு கேட்கவே இல்லை; ஆனால் அது அப்போது யாருக்கும் தெரியாது. படுக்கையோடு தூக்கி உள்ளே ஏற்றும்போது அவன் உதடு அசைந்தது. நதேஜ் குனிந்தாள்.

“அக்கா.”

“பேசாதடா.”

“அந்தப் படலு. சாத்தியிருந்துச்சே. திரும்பச் சாத்துனியா?”

அவள் ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். வெயிலில் பூட்ஸின் அடிப்பாகம் மேலே போய் மின்னியது.

“சாத்தல” என்றாள். “ஆளு படுத்திருக்கான்.”